செக்மென்டேஷன் ஃபால்ட்: தப்பு யார் மேல?

முதல்ல ஒரு எச்சரிக்கை. இது பொட்டி தட்டுற பதிவு, நீளமும் ஜாஸ்தி. நம்ம வகுப்பு மக்கள் பாதியில் ஓடிவிட வேண்டாம். நடுவில் பேரேடு, இருப்பாய்வு, அனாமத்துக் கணக்கு எல்லாம் வரும். (பி.காம். பாடத்தை ஒருத்தன் எதற்காவது நிஜமாகவே பயன்படுத்துகிறான் என்று சந்தோஷப்படுங்கள்.)

விஷயம் இதுதான். பைத்தானில் நாலு வரி எழுதி ஓட்டுகிறோம். தப்பு இருந்தால் எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன பிழை என்று அது மரியாதையாகச் சொல்லும். படித்துத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் சில சமயம் அப்படி எதுவும் வராது. 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று இரண்டே வார்த்தை, அவ்வளவுதான். விண்டோஸில் இருந்தால் பல நேரம் அந்த இரண்டு வார்த்தையும் கிடையாது, நிரல் ஓடிக்கொண்டிருந்த ஜன்னல் சத்தமில்லாமல் மறைந்துவிடும். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால் வரும் பதில் கிட்டத்தட்ட மனப்பாடம்: "லைப்ரரியைத் தப்பா பயன்படுத்தியிருப்பீங்க. ஜிடிபி போட்டுப் பாருங்க."

இந்தப் பதிலோடு சண்டை போடத்தான் இந்தப் பதிவு. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். சி மொழியில் எழுதிய லைப்ரரிக்குப் பைத்தான் ராப்பர் என்று ஒன்றைப் போட்டு ஊருக்குக் கொடுத்த பிறகு, சாதாரண பைத்தான் வரிகளாலேயே அதைக் கீழே தள்ள முடிகிறது என்றால், அது ராப்பர் எழுதினவரின் பிழை. பயன்படுத்தினவன் கையேட்டைப் படித்தானா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

ராப்பர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

சி மொழியில் நினைவகத்தை நாமே வாங்கி, நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அந்த முகவரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இதை மொழி காவல் காக்காது, எழுதுகிறவன் தலையில்தான் இருக்க வேண்டும். பைத்தானில் இந்தக் கவலையே இல்லை. ஒரு பொருளை யாராவது பிடித்துக்கொண்டிருக்கும் வரை அது உயிரோடு இருக்கும், எல்லோரும் விட்டுவிட்டால் அதுவே போய்விடும். பைத்தானை நம்பி வருகிற ஆள் இந்த ஒரு வாக்குறுதியை நம்பித்தான் வருகிறான்.

ராப்பர் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்கிற துபாஷி. பாண்டிச்சேரியில் துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை வெறும் வார்த்தைகளை மட்டும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் இல்லை. இந்தப் பக்கத்து வியாபார வழக்கம், அந்தப் பக்கத்து எதிர்பார்ப்பு இரண்டும் தெரிந்திருப்பதுதான் அந்த வேலை. சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டு, பேரம் முறிந்ததும் "நீங்க எதுக்கும் தமிழ் கத்துக்கிட்டு வாங்க" என்று துய்ப்ளேக்ஸிடம் சொல்லும் துபாஷியை யாராவது வைத்துக்கொள்வார்களா? நிறைய ராப்பர்கள் இன்றைக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

"சி லைப்ரரியே அப்படித்தான், ராப்பர் என்ன பண்ணும்?" என்று சிலர் உச்சுக்கொட்டுவார்கள். இதற்கு உதாரணத்தோடு பதில் இருக்கிறது. எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்க லிப்எக்ஸ்எம்எல்2 என்று ஒரு சி லைப்ரரி உண்டு. டேனியல் வேய்யார் ஆரம்பித்தது, க்னோம் திட்டத்தில் பிறந்தது, உலகம் பூராவும் ஓடுகிறது. நம் ஆட்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 2011 முதல் இந்தியாவில் குறிப்பிட்ட சில வகைக் கம்பெனிகள் தங்கள் ஆண்டுக் கணக்கை எக்ஸ்பிஆர்எல் வடிவத்தில்தான் அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். எக்ஸ்பிஆர்எல் என்பது அடிப்படையில் எக்ஸ்எம்எல்தான். ஐந்நூறு கம்பெனிகளின் இருப்புநிலைக் குறிப்பை ஒரே மூச்சில் அலச நினைக்கும் ஒரு வணிகவியல் மாணவன் பைத்தானையும், அதன் அடியில் அவனுக்கே தெரியாமல் இந்த லைப்ரரியையும்தான் தொடுவான்.

இந்த ஒரே லைப்ரரிக்குப் பைத்தானில் இரண்டு ராப்பர்கள் இருந்தன. முதலாவது, லைப்ரரியோடு கூடவே வந்தது. சி-யில் என்ன ஃபங்ஷன் உண்டோ அதையே பைத்தானில் கூப்பிடலாம். ஆவணத்தைத் திறந்து, அதன் வேர்முனையை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, ஆவணத்தை விடுவித்துவிட்டு, பிறகு வேர்முனையின் பெயரைக் கேட்டால் நிரல் பொத்தென்று விழ வாய்ப்புண்டு. சரி, விடுவிக்காமலே இருந்தால்? நினைவகம் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஐந்நூறு கோப்பு திறந்தால் ஐந்நூறும் உள்ளேயே தங்கும். விடுவித்தால் விழும், விடுவிக்காவிட்டால் வீங்கும். பைத்தான் மாதிரி வேஷம் போட்ட சி.

இரண்டாவது எல்எக்ஸ்எம்எல். மார்ட்டின் ஃபாசன் தொடங்கி, ஸ்டெஃபான் பேனல் வளர்த்தது. 2006-ல் 1.0 வந்தது. அடியில் அதே லிப்எக்ஸ்எம்எல்2, அதே பாயிண்டர்கள்தான். ஆனால் இங்கே, மரத்தின் ஒரு முனையைப் பைத்தான் பக்கம் கையில் கொடுக்கும்போதே அந்த முனை 'என் ஆவணம் இது' என்று ஆவணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் ஆவணத்தின் மாறியைத் தூக்கி எறிந்தாலும், கடைசி முனை உங்கள் கையில் இருக்கும் வரை ஆவணம் சாகாது. ஒரு கிளையை வெட்டி வேறு ஆவணத்தில் ஒட்டினால், அந்தக் கிளையில் பைத்தான் பிடித்திருக்கும் முனைகளை எல்லாம் தேடிப் போய், 'இனிமே உன் ஆவணம் இது' என்று மாற்றி எழுதுகிறது. கூடுதல் வேலைதான். ஆனால் அந்த வேலையை ஒரு தடவை, ஒரு இடத்தில், ராப்பர் எழுதினவர் செய்துவிட்டார். பயன்படுத்தும் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டியதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது, அவர்களுடைய கேள்வி-பதில் பக்கத்தில் 'என் நிரல் விழுகிறது' என்பதற்கு அவர்கள் எடுத்திருக்கும் நிலை. விழாமல் இருப்பது எங்கள் இலக்குகளில் ஒன்று, நீங்கள் செய்தது ஆபத்து என்று ஆவணத்தில் தெளிவாக எச்சரிக்காத இடத்தில் விழுந்தால் அது எங்கள் பிழை, சொல்லுங்கள் என்கிறார்கள். எல்எக்ஸ்எம்எல் விழுந்ததே இல்லை என்று நான் சொல்லவரவில்லை, த்ரெட் சமாச்சாரத்தில் அதுவும் அடிபட்டிருக்கிறது. ஆனால் விழுந்தால் பழியை எங்கே போட வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. அடியில் இருப்பது ஒரே சி லைப்ரரி. ஒரு ராப்பர் விழுகிறது, இன்னொன்று நிற்கிறது. அப்புறம் எப்படி அது லைப்ரரியின் தலைவிதி?

இன்னொரு உதாரணம், கொஞ்சம் வேகமாக. வரைபடம், செயற்கைக்கோள் படம் சார்ந்த வேலைக்கு ஜிடால் என்று ஒரு லைப்ரரி. ஃப்ராங்க் வார்மர்டாம் 1998-ல் ஆரம்பித்தது, சி++. அதன் பைத்தான் ராப்பரில் ஒரு படக்கோப்பைத் திறந்து, அதிலிருந்து ஒரு அலைவரிசை அடுக்கை எடுத்துக்கொண்டு, கோப்பின் மாறியை அழித்துவிட்டு அடுக்கைத் தொட்டால் பைத்தான் விழும் என்பது ரொம்ப காலமாக எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எவ்வளவு தெரிந்தது என்றால், பைத்தான்காரர்கள் தடுக்கி விழும் இடங்கள் என்று அவர்களே ஒரு பட்டியல் போட்டு, அதில் இதையும் எழுதி வைத்தார்கள். பிந்தைய பதிப்புகளில் இதில் சிலவற்றைச் சரிசெய்யவும் செய்தார்கள், அது பாராட்டுக்குரியது. ஆனால் நடுவில் எத்தனை வருஷம்? அந்த நேரத்தில் ஷான் கில்லிஸ் ராஸ்டீரியோ என்று வேறு ஒரு ராப்பர் எழுதினார், அதே ஜிடாலின் மேல். அதில் மூடிய கோப்பைப் படிக்கப் போனால் எக்ஸெப்ஷன் வருகிறது. வரி எண்ணோடு.

பள்ளத்தை மூடாமல் 'பள்ளம்' என்று பலகை மட்டும் வைக்கும் வேலையை நம் ஊர் சாலைகளில் நிறையப் பார்த்திருக்கிறோம், அதனால் மேலே போகலாம்.

இப்போது நம்ம ஏரியா. ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்பதைப் பைத்தான் எண்ணிக்கையாக வைத்துக்கொள்கிறது. ஒருத்தர் பிடித்தால் ஒன்று கூட்டு, விட்டால் ஒன்று கழி. பூஜ்ஜியம் வந்தால் பொருளை அழி. சி-யில் ராப்பர் எழுதுகிறவர் இந்தக் கூட்டலையும் கழித்தலையும் தன் கையால் எழுத வேண்டும். பார்த்தீர்களா, இது இரட்டைப் பதிவு முறை! ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருந்தாக வேண்டும். எங்காவது ஒரு பதிவு விட்டுப்போனால் இருப்பாய்வு பொருந்தாது. நம் பேரேட்டில் பொருந்தவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு அப்புறம் தேடுவோம். பைத்தானில் அனாமத்துக் கணக்கு இல்லை, நேராகத் திவால்தான்.

இதில் ஒரு பழைய, பிரசித்தி பெற்ற பிழை உண்டு. பைத்தானில் 'ஒன்றுமில்லை' என்பதற்கே 'நன்' என்று ஒரு பொருள் உண்டு. நிரல் முழுக்க ஒரே ஒரு நன்தான், ஆயிரக்கணக்கான இடங்களில் அதையே பிடித்திருப்பார்கள். ராப்பரில் உள்ள ஒரு ஃபங்ஷன் நன்-ஐத் திருப்பிக் கொடுக்கும்போது எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டும். எழுதினவர் மறந்துவிட்டார் என்று வையுங்கள். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் நன்-இன் கணக்கில் ஒன்று குறையும். பத்து தடவை கூப்பிட்டுப் பரிசோதித்தால் எல்லாம் சுபம். நூறு வரி உள்ள கோப்புக்கும் சுபம். பெரிய கோப்பைக் கொடுத்தால் பல ஆயிரமாவது அழைப்பில் எண்ணிக்கை பூஜ்ஜியமாகி, நன்-ஐயே அழிக்கப் பார்க்கிறேன் என்ற அபாய அறிவிப்போடு பைத்தான் செத்துவிழும். விழும் நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பது யார்? கடைசியாக நன்-ஐத் தொட்ட ஏதோ ஒரு அப்பாவி வரி, பெரும்பாலும் உங்களுடையது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

2023-ல் வந்த பைத்தான் 3.12 முதல் நன்-இன் எண்ணிக்கை மாறுவதில்லை, அதை அழியாப் பொருள் ஆக்கிவிட்டார்கள். ஆகவே இந்தக் குறிப்பிட்ட சாவு இனி இல்லை. ஆனால் மற்ற பொருள்களுக்குக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. இதன் பெரியப்பா ஒருத்தரும் இருக்கிறார். பாடத்தில் ஈடுசெய் பிழை என்று படிப்போமே, ஒரு கணக்கில் நூறு கூடுதலாகவும் இன்னொன்றில் நூறு குறைவாகவும் எழுதினால் இருப்பாய்வு அழகாகப் பொருந்துமே, அதேதான். ஒரு ராப்பர் ஒரு பொருளின் எண்ணிக்கையைத் தேவையில்லாமல் கூட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று அதையே தேவையில்லாமல் குறைத்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. ஒரு நாள் முதல் ராப்பரின் ஆள் நல்ல மனிதராகத் தன் பிழையைத் திருத்துவார். இரண்டாவது விழும். எல்லோரும் திருத்தினவரைத் திட்டுவார்கள்.

விழுவதாவது பரவாயில்லை, கவனத்துக்கு வருகிறது. விழாமல் இருப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. திருப்பிக் கொடுத்த நினைவகத்தைப் படித்தால் உடனே விழ வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் பழைய எண்ணே இன்னும் கிடக்கலாம், அல்லது அங்கே குடிவந்த வேறு யாருடைய எண்ணோ கிடக்கலாம். நிரல் அதை எடுத்துக் கூட்டி, சராசரி போட்டு, அழகாக அட்டவணையில் அச்சடித்துக் கொடுத்துவிடும். விற்பனை விலையும் லாபமும் போட்ட ஒரு அட்டவணையில் நாற்பதாவது வரி எங்கிருந்தோ வந்த எண் என்று யார் கண்டுபிடிப்பார்கள்? கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்குப் புரியும், பொருந்தாத இருப்பாய்வைவிடப் பொருந்திவிட்ட தப்புக் கணக்கு எவ்வளவு மோசம் என்று. 'எப்போதாவது விழும், திரும்ப ஓட்டினா சரியாயிடும்' என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்களிடம் நான் கேட்பது, விழாத நேரங்களில் வந்த பதில்கள் சரி என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான். இதற்கு இதுவரை உருப்படியான பதில் கிடைக்கவில்லை.

எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

பெரிய வாதம் வேகம். ஒவ்வொரு அழைப்பிலும் 'இது உயிரோடு இருக்கிறதா' என்று சோதித்தால் மெதுவாகிவிடும் என்கிறார்கள். பைத்தானிலிருந்து சி-க்குள் ஒரு அழைப்பு போவதற்கே வழியில் ஏகப்பட்ட சுங்கச்சாவடி. அதில் ஒரு பாயிண்டர் வெறுமையா என்று பார்ப்பது ஒரு ஒப்பீடு. அதுதான் உங்கள் வேகத்தைக் கெடுத்துவிட்டதா? பிரதி எடுக்காமல் சி-யின் நினைவகத்தையே நேராகக் காட்டுகிறோம், அங்கே சோதிக்க முடியாது என்று அடுத்து வருவார்கள். முடிகிறதே! நம்பை அணியில் ஒரு துண்டை எடுத்தால், அந்தத் துண்டு தன் மூல அணியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, மூலம் முன்னால் சாகாது. பைத்தானின் சொந்த பைட்அரேயையே பாருங்கள். அதன் மேல் ஒரு மெமரிவியூ திறந்திருக்கும்போது அதன் அளவை மாற்றப் பார்த்தால், வெளியே ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறான், மாற்ற முடியாது என்று எக்ஸெப்ஷன் போட்டு மறுக்கிறது. வேகத்துக்குப் பேர்போன இடங்களிலேயே இந்த ஒழுக்கம் இருக்கிறது.

இரண்டாவது வாதம், கையேட்டில் எழுதியிருக்கிறோமே. நம்ம வணிகச் சட்டப் பாடத்தில் 'வாங்குபவரே எச்சரிக்கை' என்ற கோட்பாடு வரும். 1930-ஆம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. தேர்வுக்கு எல்லோரும் கோட்பாட்டை நெட்டுருப் போடுவார்கள், மதிப்பெண் இருப்பது விலக்குகளில். வாங்குகிறவன் தனக்கு என்ன தேவை என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. 'பைத்தானுக்கான ராப்பர்' என்று பெயர்ப்பலகை வைத்தவரிடம் வருகிறவன் எதை நம்பி வருகிறான்? சி தெரிந்திருந்தால் அவன் சி-யிலேயே எழுதியிருக்க மாட்டானா? இலவச மென்பொருளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, உரிமத்திலேயே உத்தரவாதம் இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, தெரியும். நான் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. நியாயம் எந்தப் பக்கம் என்று மட்டும் பேசுகிறேன்.

இலவசம் என்றதும் மூன்றாவது வாதம் வந்துவிடும். சும்மா கொடுக்கிறவரை இப்படிக் கேட்கலாமா? இது ஒன்றுதான் என்னைக் கொஞ்சம் யோசிக்கவைக்கிறது. ராத்திரி கண்விழித்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர், அவர்களிடம் அதிகாரம் பண்ண எனக்கு உரிமை இல்லை. திருத்துவதற்கு நேரம் இல்லை என்றால், நேரம் இல்லை என்று சொல்லட்டும், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறேன். என் சண்டை 'உன் தப்பு' என்ற அந்த வார்த்தையோடு. பிழைப்பட்டியலில் 'பயனர் தவறு' என்று முத்திரை குத்தி மூடுவதற்குப் பதில் 'தெரியும், திருத்தவில்லை' என்று திறந்து வைக்க ஒரு பைசா செலவில்லை. சிபைத்தான்காரர்கள் தங்கள் சோதனைக் கோப்புகளுக்குள் 'கிராஷர்ஸ்' என்றே ஒரு அடைவு வைத்து, பைத்தானையே கீழே தள்ளும் நிரல்களைச் சேர்த்துவைத்தார்கள். நம் வீட்டிலும் ஓட்டை உண்டு என்று ஒப்புக்கொள்ள இவ்வளவுதான் தேவை.

சிடைப்ஸை மட்டும் நான் இந்தச் சண்டையில் சேர்க்கவில்லை. தாமஸ் ஹெல்லர் எழுதி, 2006-ல் பைத்தான் 2.5-உடன் வந்தது அது. எந்த சி லைப்ரரியையும் பைத்தானிலிருந்தே நேராகக் கூப்பிடலாம். விழவைக்க வழிகள் நிறைய உண்டு, ஜாக்கிரதை என்று அதன் ஆவணமே சொல்கிறது. அது ராப்பர் எழுதுவதற்கான உளி, உளியில் கை வெட்டினால் உளியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த உளியால் செய்த நாற்காலியை விற்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சிடைப்ஸில் ஒரு ஃபங்ஷன் என்ன வகையைத் திருப்பித் தரும் என்று சொல்லாவிட்டால், அது சாதாரண முழுஎண் என்று எடுத்துக்கொள்ளும், 32 பிட். 64 பிட் கணினியில் ஒரு பாயிண்டர் திரும்பி வந்தால் பாதி முகவரி வெட்டுப்பட்டுவிடும். ராப்பர் எழுதினவரின் பழைய 32 பிட் கணினியில் இது கடைசி வரை தெரியாது. அதேபோல, சி பக்கம் பிறகு கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று கொடுத்த பைத்தான் ஃபங்ஷனை ராப்பர் எங்காவது ஒரு மாறியில் பிடித்துவைக்க வேண்டும். வைக்காவிட்டால் பைத்தான் அதைக் குப்பையில் சேர்த்துவிடும். சி-யிடம் இருப்பது காலி வீட்டு முகவரி. பத்து நிமிஷம் கழித்து ஏதோ ஒரு நிகழ்வு நடக்கும்போது அது கதவைத் தட்டும், அப்போது விழும். இரண்டுக்கும் மருந்து ராப்பருக்குள் ஒரே ஒரு வரி. பயனர் பக்கம் இதற்கு மருந்தே கிடையாது, ஏனென்றால் அந்த இடம் அவன் கண்ணிலேயே படாது.

கடைசியாக, அந்த ஜிடிபி. "ஜிடிபி போட்டுப் பாருங்க" என்பது எவ்வளவு பெரிய கைகழுவல் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அது நல்ல கருவி. 2009-ல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து பைத்தானாலேயே அதை நீட்டிக்கலாம், பைத்தான் பக்கத்து அழைப்பு வரிசையைக் காட்டும் கட்டளைகளும் பிறகு வந்தன. ஆனால் பிழைதிருத்தத் தகவல் இல்லாமல் சுருக்கிப் பொட்டலம் கட்டிய லைப்ரரியில் அது காட்டுவது கேள்விக்குறிகளும் பதினாறடிமான எண்களும்தான். அதைப் படிக்க, லைப்ரரியை நாமே மூலத்திலிருந்து கம்பைல் செய்ய வேண்டும். வால்கிரிண்டில் ஓட்டுவதென்றால் பைத்தானின் சொந்த நினைவகப் பங்கீட்டை முதலில் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது குழம்பும். ஐந்நூறு கம்பெனிக் கணக்கை அலச வந்தவன் இவ்வளவும் கற்றுக்கொண்டு, கடைசியில் தன் தப்பே இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டுமாம்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒரு வரலாறு இருக்கிறது. சி லைப்ரரிகளுக்குத் தானாகவே ராப்பர் தயாரிக்கும் ஸ்விக் என்ற கருவியை 1990-களின் நடுவில் எழுதியவர் டேவிட் பீஸ்லி. தன் கருவியால் பிறந்த ராப்பர்கள் இப்படி விழுவதைப் பார்த்துவிட்டு, அவரே 2001-ல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் வேட் என்று ஒன்றைப் பற்றிக் கட்டுரை படித்தார். சி பக்கம் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் அதைப் பிடித்து, பைத்தான் எக்ஸெப்ஷனாக மாற்றி, சி வரிசையையும் பைத்தான் வரிசையையும் சேர்த்துக் காட்டும். சோலாரிஸிலும் லினக்ஸிலும் செய்தே காட்டினார். நினைவகம் கெட்டுப்போன பிறகு நிரலைத் தொடர்ந்து ஓடவிடுவது ஆபத்து என்று அதற்கு ஆட்சேபம் உண்டு, அது நியாயம்தான். தொடர வேண்டாம், எங்கே விழுந்தோம் என்று சொல்லிவிட்டுச் சாகலாம் அல்லவா? அந்தச் சின்ன மரியாதை ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற பெயரில் பைத்தானுக்குள் வர 2012 ஆனது, 3.3-ஆம் பதிப்பு, விக்டர் ஸ்டின்னர் எழுதியது. பதினொரு வருஷம்! வந்த பிறகும் அது தானாக இயங்காது, நாம் கேட்டு வாங்க வேண்டும். பைடெஸ்ட் 2019-ல் தன் 5.0-இல் அதைத் தானாகவே இயங்கவிட்டது, எந்தக் குடியும் முழுகவில்லை.

"அப்ப சி கத்துக்கோயேன்" என்பவர்களுக்கு: கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன், அதனால்தான் இவ்வளவும் எழுத முடிந்தது. கற்கக் கற்க என் கட்சி பலமாகிக்கொண்டேதான் போகிறது. ராப்பருக்குள் அந்த ஒரு வரியை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று இப்போது தெரிகிறதே.

டிஸ்கி: உங்கள் நிரல் இப்படி விழுந்துகொண்டிருந்தால், பைத்தானைக் கூப்பிடும்போது பெரிய எக்ஸ் கொடியோடு 'ஃபால்ட்ஹேண்ட்லர்' என்று சேர்த்து ஓட்டுங்கள். பைத்தான் பக்கம் எந்த வரியில் நின்று செத்தது என்று காட்டும், விண்டோஸிலும் காட்டும். 3.7-க்கு மேல் என்றால் அதற்குப் பதில் 'டெவ்' என்று கொடுக்கலாம். அது பைத்தானின் பிழைதேடும் நினைவகப் பங்கீட்டையும் சேர்த்து இயக்கும். பைத்தான் விடுவித்த நினைவகத்தை அது 'டிடி' என்ற பைட்டால் நிரப்பும் (3.8 முதல்). விழுந்த முகவரியில் டிடிடிடி என்று வரிசையாகத் தெரிந்தால், செத்த பொருளை யாரோ தொட்டிருக்கிறார்கள். அந்த வெளியீட்டை அப்படியே வெட்டி, விழவைக்கும் மிகச்சிறிய நிரலோடு ராப்பர்காரருக்கு அனுப்புங்கள். தலைப்பில் 'உதவி தேவை' என்று போடாதீர்கள், 'பிழை' என்று போடுங்கள்.